செல்போன் காட்டிச் சோறு ஊட்டும் வீடுகளுக்கு

பேச்சுப் பயிற்சிக்காகக் குழந்தையை அழைத்து வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "எப்படிச் சாப்பிடுகிறான்?" என்றுதான். இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லையே என்ற கவலையில் வந்தவர்களுக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தோன்றும். "நல்லா சாப்பிடுவான் மேடம், போன் மட்டும் கையில இருக்கணும்" என்பார் அம்மா. "போன் இல்லைன்னா வாயே திறக்க மாட்டான்" என்று பாட்டி சேர்த்துக்கொள்வார்.

பல வீடுகளில் இந்தக் குழந்தைகளுக்கு ஏ முதல் இசட் வரை தெரியும். ஒன்று முதல் இருபது வரை ஆங்கிலத்தில், அமெரிக்க உச்சரிப்பிலேயே சொல்வார்கள். நிறம், வடிவம், கார்ட்டூன் பாட்டு எல்லாம் வரும். "அப்போ, தண்ணி வேணும்னா என்ன செய்வான்?" என்று கேட்டால், "என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஃபில்டர் முன்னாடி நிறுத்துவான்" என்று பதில் வரும். இருபது வரை எண்ணத் தெரிந்த குழந்தைக்கு 'தண்ணி' என்று கேட்கத் தெரியவில்லை. மனப்பாடமாக ஒப்பிப்பது வேறு, தனக்கு வேண்டியதை இன்னொருவரிடம் சொல்வது வேறு. பேச்சு என்று நாங்கள் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா குல் என்ற ஆய்வாளரின் குழு செய்த சோதனை ஒன்று 2003-இல் வெளியானது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் வாசித்து விளையாடினார்கள். நான்கு வாரங்களில் மொத்தம் 12 அமர்வுகள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்களின் அதே பேச்சை டிவிடியில் போட்டுக் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. டிவிடி பார்த்த குழந்தைகளோ, சீன மொழியையே கேட்காத குழந்தைகள் இருந்த நிலையில்தான் இருந்தன.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். குழந்தை 'கா' என்றால் அம்மா அந்தப் பக்கம் திரும்பி "ஆமா, காக்கா! பறந்து போச்சு பாரு" என்பார். குழந்தை பார்த்த இடத்தைத் தானும் பார்த்து, அது சொன்னதை நீட்டிச் சொல்லி, அடுத்து அது என்ன செய்யும் என்று காத்திருப்பார். வீடியோ எதற்கும் காத்திருக்காது. குழந்தை என்ன சொன்னாலும், ஒன்றுமே சொல்லாவிட்டாலும், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

சாப்பாட்டு வேளையை நான் பிடித்துக்கொள்வது இதனால்தான். கைக்குழந்தையும் பெரியவரும் எதிரெதிரே முகம் பார்த்து, வேறு வேலை இல்லாமல் உட்காரும் நேரம் ஒரு நாளில் அதிகமில்லை. மூன்று வேளை, வேளைக்கு அரை மணி என்று வைத்தால் ஒன்றரை மணி நேரம். சூடு, இன்னும், போதும், ஆ காட்டு, கீழே விழுந்துடுச்சு என்று அன்றாடப் பேச்சின் பாதிச் சொற்கள் அந்தத் தட்டைச் சுற்றியே இருக்கின்றன. நடுவில் செல்போன் வந்துவிட்டால் குழந்தை திரையைப் பார்க்கும், ஊட்டுபவர் வாயைப் பார்ப்பார். ஒரு சொல்கூட இல்லாமல் தட்டு காலியாகிவிடும். வயிறு நிறைந்ததும் குழந்தைக்குத் தெரியாது, வாயில் போனது இட்லியா உப்புமாவா என்பதும் தெரியாது.

யாரும் பார்க்காமல் ஓடும் டிவியும் இதே வேலையைச் செய்கிறது. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்தன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பேச்சு தாமதமானால் "நீதானே போனைக் கொடுத்தே" என்று வீடே அம்மாவைச் சுட்டிக்காட்டுகிறது. இது நியாயமே இல்லை. ஆள் துணையில்லாத அடுக்குமாடி வீட்டில் சமையலையும் குழந்தையையும் ஒருத்தியே பார்க்கும்போது போன் எப்படிக் கைக்கு வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். தவிர, எல்லாத் தாமதத்துக்கும் போன் காரணமில்லை. காது கேட்பதில் குறை இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். ஆட்டிசமாக இருக்கலாம், அதைப் போன் உண்டாக்குவதில்லை. அதனால் போனை நிறுத்திவிட்டோம், இனி தானாகப் பேசிவிடும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் காது பரிசோதனை. "அவங்கப்பாவே மூணு வயசுலதான் பேசினான்" என்ற ஆறுதலை நம்பி ஓர் ஆண்டைக் கழித்த பிறகு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை என்றாலும், ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை என்றாலும், இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' போல இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லை என்றாலும் காட்டிவிடுங்கள். வந்த சொற்கள் மறைந்து போனால் எந்த வயதானாலும் உடனே.

போனை எடுப்பது எப்படி? ஒரே நாளில் எல்லா வேளையிலும் எடுக்க வேண்டாம். அவசரமில்லாத ஒரு வேளையை, பெரும்பாலும் மதியமோ இரவோ, முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தரையில் எல்லோரோடும் உட்கார வையுங்கள். தட்டில் கொஞ்சமாகப் போட்டு, அதுவே கையால் எடுத்துத் தின்னட்டும், சிந்தட்டும். சில நாள் அழும், குறைவாகச் சாப்பிடும். ஆரோக்கியமான குழந்தை பசித்தால் சாப்பிடும். எடை குறைந்தாலோ, விழுங்கும்போது புரை ஏறினாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பெரியவர்களின் போனும் அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும், அப்பாவுடையதும்தான்.

சாப்பிட்டு முடித்ததும் 'நண்டூருது நரியூருது' விளையாடுங்கள். உள்ளங்கையிலிருந்து விரல்கள் ஊர்ந்து போய் அக்குளுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கிச்சுக்கிச்சு மூட்டாமல் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். குழந்தை நிமிர்ந்து உங்கள் கண்ணைப் பார்க்கும், 'ம்' என்னும், கையை இழுக்கும். அதற்கு உடனே பதில் கொடுங்கள். பயிற்சி அறையில் நான் செய்வதும் இதேதான்.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் வழிகாட்டியது. துபாயில் இருக்கும் அப்பாவுடன் பேசும் வீடியோ காலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் கேட்பார், பதில் சொல்வார், சிரிப்பார். அது உரையாடல்தான். அப்புறம், ஆங்கிலத்தில் பேசினால்தான் பள்ளிக்கு ஆகும் என்று உங்களுக்கே தடுமாறும் மொழியில் பேச வேண்டாம். எந்த மொழியில் கொஞ்சவும் கோபிக்கவும் வருமோ அதில் பேசுங்கள்.

தனியாரிடம் செலவு செய்ய முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும், குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தைக் (DEIC) கேட்டுச் செல்லலாம், அங்கே கட்டணம் கிடையாது. எங்கே போனாலும் வீட்டில் குழந்தை விளையாடுவதை இரண்டு நிமிடம் படம் பிடித்து எடுத்துப் போங்கள். புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறக்காது. பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டியோ தாத்தாவோ வேலைக்கு வரும் அக்காவோ, அவரையும் கூட அழைத்துப் போங்கள்.