சாக்பீஸைக் கீழே வையுங்கள்

"அண்ணே, யாராலும் படிக்க முடியாத எழுத்து ஒன்னு கிடைச்சிருக்கு. சிந்துவெளி மாதிரியே இருக்கு. மீன்கூட இருக்கு!"

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி புலனத்தில் அனுப்பியது. மீன், சிந்துவெளி முத்திரைகளில் அடிக்கடி வரும் குறி. கூடவே ஒரு படம். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், செம்பனை மரங்களுக்கு நடுவில் சாய்ந்து கிடக்கும் கல். சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டினால் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்ததிலிருந்து எனக்கு இந்த மாதிரிப் படங்கள் வந்தபடி இருக்கின்றன.

கல்வெட்டு படிப்பதுதான் என் பிழைப்பு. எதையும் ஒதுக்குவதில்லை. அதுவும் இது கடாரத்து மண், பழங்காலக் கோயில் எச்சங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு கூப்பிடு தூரம். 1834இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ செபராங் பிறையில் கண்டெடுத்த, புத்தகுப்தன் என்ற மாலுமியின் கல்வெட்டுக்கு வயது சுமார் ஆயிரத்து ஐந்நூறு. அதைப் படிக்க முடிந்ததற்குக் காரணம், பல்லவ எழுத்தும் சமஸ்கிருதமும் தெரிந்தவையாக இருந்ததுதான்.

எழுத்தும் தெரியாது, மொழியும் தெரியாது என்றால் கதையே வேறு. கிரீட் தீவின் லீனியர் பி என்ற பழங்கால எழுத்து அப்படித்தான் இருந்தது. சொற்களின் கடைசிக் குறிகள் எப்படி மாறுகின்றன என்று ஆய்வாளர் ஆலிஸ் கோபர் அட்டை அட்டையாக எழுதி வைத்து ஒப்பிட்டார். அந்த வழியில் போன மைக்கேல் வென்ட்ரிஸ், ஊர்ப்பெயர்களைப் பிடித்துக்கொண்டு, 1952இல் உள்ளே இருப்பது பழைய கிரேக்கம் என்று கண்டார். ஒப்பிட்டுப் பார்க்கக் களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சிந்துவெளியிலும் பொறிப்புகள் ஆயிரக்கணக்கில் உண்டு, ஆனால் ஒன்றில் சராசரியாக ஐந்து குறிகள்தான். கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977இல் தந்த பட்டியலில் 417 குறிகள். ஐந்தைந்தாக வைத்துக்கொண்டு எந்த இலக்கணத்தைப் பிடிப்பது? ஒற்றைக் கல்லைப் பார்த்து ஒரே ராத்திரியில் படித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, தோட்டத்துக் கல்லுக்கு வருவோம். போய்ப் பார்த்தால் கோடுகள் எல்லாவற்றிலும் சாக்பீஸ். எழுத்து "தெளிவாகத் தெரியட்டும்" என்று தீட்டியிருக்கிறார்கள். பொழுது சாயும்வரை காத்திருந்து, தண்ணீர் தெளித்து மெதுவாகத் துடைத்துவிட்டு, டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். கீழ் வரியில் தெரிந்தது இது:

௲௯௱௨௰௭

அதாவது 1927. தமிழ் எண்தான். ஆயிரத்தைக் குறிக்கும் ௲ தான் சாக்பீஸில் வாலும் செதிலும் முளைத்து மீனாகியிருந்தது. அது ஒரு கல்லறைக் கல். "இது நம்ம எழுத்தா?" என்று தம்பி இரண்டு முறை கேட்டார்.

உங்கள் தோட்டத்திலும் கல் கிடைத்தால் தீட்டாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது, பக்கத்தில் ஐம்பது சென் காசு ஒன்றை வைத்துப் படம் எடுங்கள். சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்து எடுங்கள். பழம்பொருள் என்று தோன்றினால் உடனே மாவட்ட அதிகாரியிடம் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் கேட்பதும் அதைத்தான்.

அந்தக் கல்லில் இறந்தவரின் பெயரும் இருந்தது. முதல் எழுத்து 'மு'. அதற்கப்புறம் இருந்ததைப் பாசி சுரண்டிய கம்பி பிரஷ் கொண்டுபோய்விட்டது.