பொம்மைப் படம்தானே என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்

"டாக்டர், இவனுக்கு முப்பத்திரண்டு வயசாகுது. ராத்திரி பொம்மைப் படம் போட்டுப் பார்த்துட்டு உட்கார்ந்து அழறான்."

மகனைக் கூட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா, நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே சொன்னது இது. மகன் தலையைக் குனிந்துகொண்டு மொபைலைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். விசாரித்தேன். தூக்கம் சரியாக இருக்கிறது, பசி எடுக்கிறது, வேலைக்கு ஒழுங்காகப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறார். என்ன படம் என்று கேட்டேன். 'அப்' என்றார். அதைப் பார்த்து அழுததற்கா மாத்திரை எழுதித் தரச் சொல்கிறீர்கள்?

கணவருக்கு முதிர்ச்சி இல்லை, கார்ட்டூன் பார்க்கிறார் என்று புகார் சொன்ன மனைவிகளும் உண்டு. மருமகளைப் பற்றி அதையே சொன்ன மாமியார்களும் உண்டு. அதே கிளினிக்குக்கு இதன் மறுபக்கமும் வருகிறது. நாலு வயதுக் குழந்தை, பாத்ரூம் கதவைச் சாத்தவிட மாட்டேன் என்கிறது, அம்மா சமையலறைக்கு எழுந்து போனாலே அலறுகிறது. ஏதாவது படம் பார்த்தானா என்று கேட்டால், "பெரியவங்க படமெல்லாம் காட்டறதே இல்ல டாக்டர், கார்ட்டூன்தான் போட்டு விட்டோம்" என்பார்கள். எந்தக் கார்ட்டூன் என்று கேட்டால் பெற்றோருக்குப் பெயர் தெரியாது. இந்த இரண்டு வீட்டுக்காரர்களும் மனதில் வைத்திருப்பது ஒரே தப்பான எண்ணம்: கார்ட்டூன் என்றாலே அது குழந்தைகளுக்கானது. போன மாதம் இரண்டும் ஒரே நாளில் வந்தன. பொறுமை தீர்ந்துவிட்டது, எழுதுகிறேன்.

அனிமேஷன் என்பது படம் எடுக்கும் ஒரு முறை. கதை யாருக்கானது என்பதை அது சொல்லாது. 1988 ஏப்ரலில் ஜப்பானில் கிப்லி என்ற அனிமேஷன் ஸ்டுடியோவின் இரண்டு படங்கள் இரட்டைக் காட்சியாக வெளியாயின. ஒன்று, காட்டில் வாழும் பெரிய தேவதையும் இரண்டு சிறுமிகளும் பற்றிய 'மை நெய்பர் டொட்டோரோ'. இன்னொன்று 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிந்த பிறகு, ஓர் அண்ணனும் அவனுடைய குட்டித் தங்கையும் பட்டினியில் சாகிற கதை. இரண்டும் கையால் வரைந்தவை. இரண்டின் போஸ்டரிலும் குழந்தை முகம். போஸ்டரைப் பார்த்து முடிவெடுக்கும் அப்பாக்களே, இதில் எதை உங்கள் நாலு வயதுப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு ஆபீஸ் கால் பேசப் போவீர்கள்?

இது ஏதோ வெளிநாட்டு விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். நம் பொம்மலாட்டத்தில் அரிச்சந்திரன் கதை ஆடியிருக்கிறார்கள். லோகிதாசன் பாம்பு கடித்துச் சாகிறான், சந்திரமதி பிள்ளையின் பிணத்தைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள். ஆடுவது கட்டைப் பொம்மை, அழுவது பெரியவர்கள். யாரும் யாரையும் வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போகவில்லை. தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் வந்தால், அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஒரே காட்சியில் இரண்டு பேருக்கும் தீனி போடும் இந்த வித்தை, 'அப்' படத்தை எடுத்த பிக்ஸார் நிறுவனத்தில் பிறந்ததில்லை.

டிக்கெட் வாங்குவது அப்பா அம்மா, அவர்கள் கொட்டாவி விட்டால் அடுத்த படத்துக்குக் கூட்டி வர மாட்டார்கள். வியாபாரக் காரணம் இவ்வளவுதான். ஆனால் யாரும் வியாபாரத்துக்காக அழுவதில்லை.

'அப்' படத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் வந்தது, பீட் டாக்டர் இயக்கியது. கார்லுக்கும் எல்லிக்கும் கல்யாணம் ஆவதிலிருந்து எல்லி சாகும் வரை சில நிமிடங்களில், பேச்சே இல்லாமல் ஓடிவிடுகிறது. ஓர் அருவியைப் பார்க்கப் போக வேண்டும் என்று இருவரும் கண்ணாடி ஜாடியில் காசு சேர்க்கிறார்கள். கார் டயர் வெடிக்கிறது, ஜாடியை உடைக்கிறார்கள். கார்லுக்குக் கால் முறிகிறது, மறுபடி உடைக்கிறார்கள். கூரை மேல் மரம் விழுகிறது, மறுபடி. இதற்கெல்லாம் முன்பே ஒரு மருத்துவமனைக் காட்சி. குழந்தை இல்லை என்று மருத்துவர் சொல்வதை நாம் கேட்பதில்லை, எல்லி குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு ஆன்ட்டி அழுகிற சீன். பக்கத்து சீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. உண்டியலை உடைத்து ஸ்கூல் ஃபீஸ் கட்டிய எந்த வீட்டுக்காரருக்கும் அந்த ஜாடி உடைகிற சத்தம் எங்கே கேட்கும் என்பதும் தெரியும். பலூன், பேசும் நாய் எல்லாம் அப்புறம்தான் வருகின்றன. பிள்ளைக்குப் படம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' தொலைந்த மீன்குஞ்சின் கதை என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆரம்பத்திலேயே ஒரு பெரிய மீன் தாயையும் முட்டைகளையும் விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது ஒரே ஒரு முட்டை. அதற்குப் பிறகு அப்பா மீன் பயந்து பயந்தே பிள்ளையை வளர்க்கிறது, அதனாலேயே பிள்ளை முரண்டு பிடிக்கிறது. இவனுக்கு எதுவுமே நடக்காமல் பார்த்துக்கொண்டால் இவன் வாழ்க்கையில் எதுவுமே நடக்காதே என்று ஒரு மறதிக்கார மீன் அந்த அப்பாவிடம் கேட்கிறது. மூன்று தெரு தள்ளியிருக்கும் டியூஷனுக்குப் பத்தாம் வகுப்புப் பையனை வண்டியில் கொண்டுபோய் விடும் பெற்றோரிடம் நான் ஒரு மணி நேரம் பேசியும் உள்ளே போகாத விஷயம் அது. ஒரு மீன் சொன்னால் போகிறது, பரவாயில்லை.

என் தொழிலுக்கு ரொம்ப நெருக்கமானது 'இன்சைட் அவுட்'. 2015-இல் வந்தது, இதுவும் பீட் டாக்டர் இயக்கியதுதான். ஒரு சிறுமியின் தலைக்குள் இருக்கும் ஐந்து உணர்ச்சிகளே இதில் பாத்திரங்கள். பதினோரு வயது வந்ததும் தன் மகள் ஒதுங்கி அமைதியாகிப் போனதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்தக் கதையின் யோசனை வந்தது. உணர்ச்சிகளை ஆராய்ந்த பால் எக்மன், டாக்கர் கெல்ட்னர் ஆகிய உளவியலாளர்களிடம் ஆலோசனை கேட்டு எடுத்தார்கள். இதில் ஓர் இடம் இருக்கிறது. ஊர் மாறி வந்த வீட்டில் சாமான் இன்னும் வந்து சேரவில்லை, அப்பாவுக்கு வேலையில் நெருக்கடி. அம்மா மகளிடம் வந்து, அப்பாவுக்காக நீ சிரித்த முகமாகவே இரு என்கிறாள். நல்ல அம்மாதான், பாசமாகத்தான் சொல்கிறாள். "அப்பா டென்ஷன்ல இருக்கார், மூஞ்சிய தூக்கி வச்சுக்காத" என்று நம் வீடுகளில் தினமும் சொல்கிறோமே, அதுவேதான். அந்தப் பெண் கடைசியில், நான் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஆனால் எனக்குப் பழைய வீடு வேண்டும் என்று உடைந்து அழும்போது தியேட்டரில் மூக்கை உறிஞ்சுவது யார் என்று திரும்பிப் பாருங்கள். பெரும்பாலும் பெரியவர்கள்தான். தன் பிள்ளைக்காக அழுகிறார்களா, ஒரு காலத்தில் சிரித்த முகமாக இருக்கச் சொல்லப்பட்ட தனக்காக அழுகிறார்களா என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. (என் மேஜையில் அந்தப் படத்தின் ஐந்து பாத்திரங்களும் இருக்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் வாயைத் திறக்காத பிள்ளைகள்கூட அதில் விரலை வைத்துவிடுவார்கள். சிவப்புக் கோபத்தில் வைப்பான் என்று அப்பா எதிர்பார்ப்பார், பையன் நீலச் சோகத்தில் வைப்பான்.)

பெரியவர்களுக்கான துக்கத்தை இவ்வளவு வைத்து எடுத்த படத்தை, பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் குழந்தைக்குப் போட்டுக்காட்டுவதுதான் என் கோபம். 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அந்த இதழில் கொஞ்சம் குறும்பு இருக்கும், ஆனால் கணக்கு நிஜமானது. 45 அனிமேஷன் படங்களைப் பெரியவர்களுக்கான 90 படங்களோடு ஒப்பிட்டார்கள். முக்கியப் பாத்திரம் சாகும் அபாயம் அனிமேஷன் படங்களில்தான் இரண்டரை மடங்கு அதிகம். அதிலும் பெற்றோர் பாத்திரங்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். 'லயன் கிங்'கில் அப்பா சிங்கம் விழுந்து கிடக்க, எழுந்திரு எழுந்திரு என்று குட்டி அதை முட்டுவதை உங்கள் பிள்ளை தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?

சரி, செய்ய வேண்டியவை.

படத்தை முதலில் நீங்கள் பாருங்கள். முடியாவிட்டால் கதைச் சுருக்கத்தையாவது படியுங்கள். சான்றிதழில் யு/ஏ 7+, 13+, 16+ என்று பிரித்துப் போடுகிறார்கள். ஓடிடியில் 2021 விதிகளிலிருந்தும் தியேட்டர் படங்களுக்கு 2024 விதிகளிலிருந்தும் இது இருக்கிறது. அதைப் போட்டிருப்பது உங்களுக்காக, குழந்தை படிப்பதற்காக இல்லை.

நாலைந்து வயது வரை பிள்ளையைப் பயமுறுத்துவது உருவமும் சத்தமும். அந்த வயதில் "இது நிஜமில்லடா" என்ற சமாதானம் எடுபடாது, தயவுசெய்து அதைச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ள விடுங்கள், வெளியே போகலாம் என்றால் எழுந்து போங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். எட்டு வயதுக்கு மேல் பயம் வேறு மாதிரி: உங்களுக்கும் இப்படி ஆகுமா என்று கேட்கும். அப்போதுதான் பேச வேண்டும், "அசட்டுத்தனமா கேட்காதே" என்று அடக்கக் கூடாது.

படம் முடிந்ததும் "என்ன நீதி கத்துக்கிட்ட?" என்று பரீட்சை வைக்காதீர்கள். அழுகிற பிள்ளையை வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுகிறவர்களுக்கு என்னிடம் மரியாதையான வார்த்தை இல்லை.

வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தாலோ, யாருக்காவது கரு கலைந்திருந்தாலோ, எந்தக் காட்சி வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பார்ப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். இது வேண்டுகோள்.

பெரியவர் அழுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது எப்போது என்றால், படமே இல்லாமல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்து, தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த விஷயத்தில்கூட நாட்டம் போய், அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால். அப்போது வாருங்கள். செத்துப்போகலாம் என்று பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே வாருங்கள். குழந்தைக்குப் படத்தால் வந்த பயம் சாதாரணமாகச் சில நாளில் தணியும். வாரக்கணக்கில் தூக்கத்தையோ பள்ளிக்கூடம் போவதையோ கெடுத்தால் கூட்டி வாருங்கள். வரும்போது, பார்த்த படத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.