கவுண்டி கோர்ட் ஃபைலை நீங்களே கேட்டுப் படிக்கலாம்

மாதம் பிறந்து இரண்டாம் நாள். வாடகை போகவில்லை என்று அபார்ட்மெண்ட் அலுவலகத்திலிருந்து அந்தத் தம்பிக்கு மின்னஞ்சல் வந்தது. வங்கியைக் கூப்பிட்டுக் கேட்டால், கோர்ட் உத்தரவின்படி கணக்கை முடக்கியிருக்கிறோம் என்றார்கள். மறுநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அக்கா, என் மேல எந்தக் கேஸும் கிடையாது. ராத்திரி முழுக்கத் தேடிப் பார்த்துட்டேன். கிரெடிட் ரிப்போர்ட்கூட சுத்தமா இருக்கு."

கேஸ் இருந்தது. தீர்ப்பாகியே பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

நான் கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பாராலீகலாக வேலை பார்க்கிறேன். கோர்ட்டுக்குப் போய் ஃபைல் எடுப்பதும், படித்து வழக்கறிஞருக்குக் குறிப்பு எழுதுவதும்தான் என் நாள். சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் ஃபைல் எங்கே இருக்கும், எப்படிக் கேட்பது, எதை முதலில் பார்ப்பது என்பதைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நம்மவர்கள் பலருக்கு இந்தக் கதவு திறந்திருப்பதே தெரியவில்லை.

முதலில் உரிமை. கோர்ட் ஆவணங்களைப் பார்க்கவும் நகலெடுக்கவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-ல், நிக்சன் எதிர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. சிவில் ஃபைல் ஒன்றைப் பார்க்க நீங்கள் அந்த வழக்கில் சம்பந்தப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. குடியுரிமை தேவையில்லை, ஹெச்-1பி விசாவில் இருப்பவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டாம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கோர்ட் படியேறினாலே ஏதோ தப்பு செய்ததுபோல ஒரு கூச்சம் நம்மிடம் இருக்கிறது.

சரி, ஃபைல் எங்கே இருக்கும்? அமெரிக்கா முழுவதற்கும் சேர்த்து ஒரே சிவில் வழக்குப் பதிவேடு கிடையாது. வழக்கு எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) போடப்பட்டதோ அந்தக் கவுண்டி கோர்ட்டின் கிளார்க்கிடம்தான் ஃபைல் இருக்கும். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணையதளம். நம் தம்பி ராத்திரி முழுக்கத் தேடியது சான்டா கிளாரா கவுண்டியில், அதாவது இப்போது குடியிருக்கும் ஊரில். வழக்கோ அவர் முன்பு வேலை பார்த்த தென்பகுதிக் கவுண்டியில் கிடந்தது. நீங்கள் கடந்த பத்து வருடத்தில் எந்தெந்த ஊரில் வாடகைக்கு இருந்தீர்கள், எங்கே கார் வாங்கினீர்கள், எங்கே விபத்து நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு தேட ஆரம்பிப்பதே சரியான முறை.

மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். விஸ்கான்சின், மேரிலாந்து போன்ற இடங்களில் மாநிலம் முழுவதற்கும் ஒரே தேடல் பக்கம் இருக்கிறது. டெக்சஸில் 254 கவுண்டிகள், அதிலும் ஒரே கவுண்டிக்குள் மூன்று இடத்தில் பார்க்க வேண்டியிருக்கும்: டிஸ்ட்ரிக்ட் கிளார்க், கவுண்டி கிளார்க், 20,000 டாலர் வரையிலான வழக்குகளுக்கு ஜஸ்டிஸ் கோர்ட். நியூயார்க்கில் கவுண்டி அளவில் பெரிய சிவில் வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டின் பெயரே சுப்ரீம் கோர்ட். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அது கீழ்க்கோர்ட்தான். திவால் வழக்குகள் எந்தக் கவுண்டியிலும் இருக்காது. அவை ஃபெடரல் கோர்ட்டைச் சேர்ந்தவை, பேசர் என்ற தளத்தில் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் முடித்துக்கொண்டால் கட்டணமே இல்லை.

அப்புறம் பெயர். நம்மவர்கள் அதிகமாகத் தவறவிடுவது இந்த இடத்தில்தான். கோர்ட் அட்டவணை கடைசிப் பெயர், முதல் பெயர் என்ற வரிசையில் ஓடும். நமக்கோ அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். முத்துசாமியின் மகன் செந்தில் என்றால் ஒரு வழக்கில் 'முத்துசாமி, செந்தில்' என்று இருக்கும், இன்னொன்றில் 'செந்தில், முத்துசாமி' என்று இருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு மாதிரி, கிரெடிட் கார்டில் வேறு மாதிரி கொடுத்திருப்போம். வழக்குப் போடுகிறவர் கையில் எந்தத் தாள் இருக்கிறதோ அதில் உள்ளபடிதான் பதிவாகும். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் போய்விட்டவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று அச்சாகும், 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம். அதையே உண்மையான பெயராக எடுத்துக்கொண்டு போட்ட வழக்கையும் நான் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலையும் மறக்க வேண்டாம். 'ழ' வரும் பெயர்களில் இஸட்-ஹெச் போட்டும் எல் போட்டும் தேடுங்கள், 'த' வரும் இடத்தில் ஹெச்சோடும் ஹெச் இல்லாமலும் தேடுங்கள். சில தளங்களில் முதல் சில எழுத்தும் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டால் பொருந்துகிற எல்லாப் பெயர்களும் வந்து விழும். தம்பியின் வழக்கு கடைசியில் பெயரைத் தலைகீழாகப் போட்டபோதுதான் கிடைத்தது.

கிரெடிட் ரிப்போர்ட் சுத்தமாக இருந்ததற்கும் காரணம் உண்டு. கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் மூன்று பெரிய நிறுவனங்களும் 2017 ஜூலையிலிருந்து சிவில் தீர்ப்புகளை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டன. அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 'என் மேல் தீர்ப்பு ஏதும் இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் பணத் தீர்ப்பு 10 வருடம் உயிரோடு இருக்கும், புதுப்பித்துக்கொள்ளவும் முடியும்.

ஆன்லைனில் பெயர் தேடுவது சில கவுண்டிகளில் இலவசம். லாஸ் ஏஞ்சலஸில் வழக்கு எண் கையில் இருந்தால் இலவசம், பெயரை வைத்துத் தேடினால் கட்டணம். காசு வாங்கிக்கொண்டு 'முழு வரலாறு' தருகிறோம் என்னும் தனியார் தளங்களுக்கு ஓடுவதற்கு முன்னால் கவுண்டி கோர்ட்டின் சொந்தத் தளத்தைப் பாருங்கள். அந்தத் தளங்கள் ஒரே பெயருள்ள இரண்டு பேரைக் கலந்துவிடும். கோர்ட் ஃபைலில் முகவரியும் கையெழுத்தும் இருக்கும், ஆள் யாரென்று பிரித்துப் பார்க்கலாம்.

ஆன்லைனில் எல்லாம் வராது என்பதையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா விதிப்படி விவாகரத்து போன்ற குடும்ப வழக்குகளின் ஆவணங்களை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. கோர்ட்டுக்கு நேரில் போனால் அங்குள்ள கணினியில் பார்க்கலாம். தத்தெடுப்பு, சிறார் வழக்குகள் பொதுமக்களுக்குத் திறக்காது. குடியிருப்பவரைக் காலிசெய்யச் சொல்லும் வழக்கு முதல் 60 நாள் மூடியிருக்கும். அதற்குள் வீட்டுக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பானால்தான் பொதுவில் வரும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

நேரில் போவது ஒன்றும் கடினமில்லை. வாசலில் விமான நிலையம் மாதிரி சோதனை, பையில் கத்தரிக்கோல் இருந்தால் எடுத்துவிடுங்கள். சிவில் கிளார்க் ஜன்னலைத் தேடிப் போய், கூட்டம் வருவதற்கு முன் காலையிலேயே டோக்கன் எடுத்துவிடுவது நல்லது. வழக்கு எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஃபைலைத் திறந்து தருவார்கள், பழையது என்றால் கிடங்கிலிருந்து வரச் சில நாள் ஆகும். பார்ப்பதற்குக் காசு இல்லை. நகல் பக்கத்துக்கு 50 சென்ட். எண் இல்லாமல் கிளார்க்கே தேடி, அது பத்து நிமிடத்தைத் தாண்டினால் 15 டாலர். முத்திரையிட்ட சான்று நகல் என்றால் 40 டாலர் கூடுதல். வீட்டில் வைத்துப் படிக்கச் சாதா நகலே போதும். இன்னொரு கோர்ட்டிலோ தூதரகத்திலோ கொடுக்க வேண்டியிருந்தால் மட்டும் சான்று நகல் வாங்குங்கள்.

இப்போது படிப்பது. முதல் தாள், 'ரெஜிஸ்டர் ஆஃப் ஆக்‌ஷன்ஸ்', எந்தத் தேதியில் என்ன தாக்கலானது என்ற பட்டியல். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்தது பிராது. அது வழக்குப் போட்டவர் தன் பக்கத்தைச் சொல்வது, அவ்வளவுதான். அதில் 'மோசடி' என்று எழுதியிருந்தாலும் நிரூபணமானதாக அர்த்தமில்லை.

சமையலறையை இடித்துக் கட்ட ஒரு கான்ட்ராக்டரைப் பேசி வைத்திருந்த தம்பதி ஒருமுறை வந்தார்கள். அவர் பெயரில் இரண்டு கேஸ் இருக்கிறது, விட்டுவிடலாமா என்று அந்த அம்மாவுக்குக் கவலை. நகல்களை மேஜையில் விரித்துச் சேர்ந்து படித்தோம். ஒன்று, சிக்னலில் அவர் வண்டி முன்னால் நின்ற காரை இடித்தது. காப்பீட்டு நிறுவனம் தீர்த்துவிட்டது. இன்னொன்று, வேலை முடிந்தும் பணம் தராத வாடிக்கையாளர், இவர் கேட்டதும் எதிர்வழக்குப் போட்டது. இரண்டும் 'வித் ப்ரெஜுடிஸ்' என்று முடிந்திருந்தன. அதே விஷயத்துக்காக மறுபடி வழக்குப் போட முடியாது என்று அதற்கு அர்த்தம். 'வித்தவுட்' என்று இருந்தால் திரும்ப வரலாம். அவர்கள் பேசி வைத்திருந்த இன்னொருவர் பெயரில் ஒன்றுமே இல்லை. ஆனால் அவருடைய கம்பெனிப் பெயரில் தேடினால் மூன்று தீர்ப்புகள், ஒன்றுக்குக்கூடப் பணம் கட்டியதாகப் பதிவு இல்லை. ஆள் பெயர், கம்பெனிப் பெயர் இரண்டிலும் தேடச் சொல்வது இதனால்தான். (முன்பணமாகப் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் கலிஃபோர்னியாவில் வீட்டு மராமத்து கான்ட்ராக்டர் பொதுவாகக் கேட்கக் கூடாது. அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.)

வீடு வாங்குகிறவர்கள் கோர்ட்டோடு நிற்காமல் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்திலும் பார்க்க வேண்டும். அது வேறு அலுவலகம். ஊரில் சார்பதிவாளரிடம் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதுபோல. தீர்ப்பின் சுருக்கத்தை அங்கே பதிந்துவிட்டால், கடனாளிக்கு அந்தக் கவுண்டியில் உள்ள நிலம், வீடு மீதெல்லாம் கடனுக்கான பிடிமானம் (லீன்) விழுந்துவிடும். சொத்தின் மீது வழக்கு நடக்கிறது என்ற அறிவிப்பும், கூலி வராத கான்ட்ராக்டர் போடும் லீனும் அங்கேதான் பதிவாகும்.

தம்பியின் ஃபைலுக்கு வருகிறேன். பழைய கிரெடிட் கார்டுக் கடன் ஒன்று கைமாறி, வாங்கிய நிறுவனம் போட்ட வழக்கு. அவர் ஆஜராகவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு. இந்த மாதிரி ஃபைல் வந்தால் நான் நேராகத் தேடுவது சம்மன் கொடுத்ததற்கான சான்றுத் தாளை. அதில் தட்டச்சில் இருந்தது: பழைய அபார்ட்மெண்ட் முகவரி, மாலை 7:40, 'வீட்டில் இருந்த ஆண், வயது சுமார் 45, பெயர் சொல்ல மறுத்தார்', அவரிடம் கொடுத்து மறுபடி தபாலிலும் அனுப்பியதாகக் கையெழுத்து. தம்பிக்கு அப்போது வயது 31. அந்த வீட்டை ஐந்து மாதத்துக்கு முன்பே காலிசெய்து, சாவி கொடுத்ததற்கு ரசீது வைத்திருந்தார்.

சம்மன் உண்மையில் கைக்கு வராமல் தீர்ப்பானால் அதை நீக்கக் கேட்க கலிஃபோர்னியாவில் வழியுண்டு. தீர்ப்புப் பதிவான நாளிலிருந்து இரண்டு வருடம், அல்லது தீர்ப்பு பற்றி எழுத்தில் முறைப்படி அறிவிப்பு கொடுக்கப்பட்டதிலிருந்து 180 நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. அதற்குள்ளும் தாமதிக்காமல் போக வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு கவுண்டி கோர்ட்டிலும் இலவச சுயஉதவி மையம் இருக்கிறது, படிவத்தை நிரப்ப உதவுவார்கள்.

எங்கள் வழக்கறிஞர் அந்தச் சான்றுத் தாளின் நகலையும் சாவி ரசீதையும் இணைத்து மனுப் போட்டார். நீதிபதி தீர்ப்பை நீக்கினார். முடக்கிய பணம் திரும்ப வர ஆறு வாரம் ஆனது. கடன் வழக்கு அப்புறம் முறைப்படி நடந்தது, பாதித் தொகையில் பேசி முடித்தார்கள். தம்பி இப்போது வீடு மாறும்போதெல்லாம் பழைய கவுண்டி, புதிய கவுண்டி இரண்டிலும் பெயரை நான்கு விதமாகப் போட்டுப் பார்க்கிறார். போன மாதம்கூட ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தார். 'பதிவு எதுவும் கிடைக்கவில்லை' என்று நான்கு வரி.