சாரம்: ‘தாங்கு கட்டமைப்பு’ அல்ல

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் பக்கம் எழும் அடுக்குமாடிகளின் வாசலில் மூன்று நான்கு மொழிகளில் பாதுகாப்புப் பலகை வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதில், ஆள் ஏறி நின்று வேலை செய்யக் கட்டடத்தை ஒட்டிக் கட்டும் ஸ்கேஃபோல்டிங்குக்குத் தமிழாக ‘தாங்கு கட்டமைப்பு’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் படிக்க வேண்டிய தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்களுக்கு அது சாரம். கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் சித்தாளுக்கும் சாரம்தான். எழுத்தில் சாரக்கட்டு என்றாலும் சரியே.

‘சார்’ என்ற வினையோடு சேர்ந்த சொல்லாகவே இது தோன்றுகிறது: சுவரைச் சார்ந்து நிற்பது. கன்னடத்து ‘ஸாருவெ’யும் இதன் உறவுதான். (சவுக்கு மரத்தைக் குறிக்கும் ‘ஸர்வெ’ வேறு. சவுக்குக் கம்பிலும் சாரம் கட்டுவதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) பிழிவு, சுருக்கம் என்ற பொருளில் வரும் சாரம் வடசொல். ஒலி ஒன்றுபோல் இருக்கிறதே என்று பயந்து, நம் சொல்லையும் சேர்த்து விரட்டிவிட்டார்கள்.

போகட்டும், வந்த சொல்லாவது பொருந்துகிறதா? இல்லை. சாரம் கட்டடத்தைத் தாங்குவதே இல்லை. ஆளையும் அவர் பக்கத்தில் இருக்கும் செங்கல், கலவையையும்தான் தாங்குகிறது. உண்மையில் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டுதான் சாரமே நிற்கிறது. 48.3 மில்லிமீட்டர் இரும்புக் குழாயில் கட்டினாலும், ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்துக்கு ஒருமுறை சுவரோடு பிணைக்காவிட்டால் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். பூச்சுக்கு இடைஞ்சல் என்று பிணைப்பை அவிழ்ப்பார்கள், திரும்பக் கட்ட மறப்பார்கள். மேலே பச்சை வலையும் போட்டிருந்தால் காற்று முழுவதையும் அது வாங்கும். அப்புறம் சாய ஒரு கோடைமழைக் காற்று போதும்.

கட்டடத்தைத் தாங்குவது முட்டு. கான்கிரீட் இறுகும்வரை, அதை ஊற்ற அமைத்த சென்டரிங் பலகைக்கு அடியில் நிற்கும் ஜாக்கியும் கம்பும். ‘தாங்கு’ என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டு, ‘தாங்கு கட்டமைப்பைப் பிரிக்கும் முன் அனுமதி பெறவும்’ என்று எழுதினால் ஆள் எதைப் பிரிக்க அனுமதி கேட்பார்? வெளிப்பூச்சு முடிந்த அன்றே சாரத்தை இறக்கலாம். முட்டுகளை அப்படி எடுக்க முடியாது. ஐ.எஸ். 456 (2000) என்ற இந்தியக் கான்கிரீட் தர விதிப்படி, சாதாரண சிமெண்டுக்கு, தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை நீளும் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டரைத் தாண்டிய உத்திரத்துக்கு 21 நாள் முட்டு நிற்க வேண்டும். செய்தித்தாள்களும் இதே தவறைத் தலைகீழாகச் செய்கின்றன: தளம் போடும்போது முட்டு சரிந்தால் ‘சாரம் சரிந்தது’ என்று எழுதுகிறார்கள். பிழை முட்டில் இருக்க, பழி சாரம் கட்டியவர்மேல் விழுகிறது.

சாரத்தின் உறுப்புகளுக்கு வரும் மொழிபெயர்ப்பு இன்னும் மோசம். நடைபலகையின் ஓரத்தில் சுமார் 15 செ.மீ. உயரத்துக்கு நிறுத்தும் பலகையை (ஆங்கிலத்தில் டோ போர்டு) ‘கால்விரல் பலகை’ என்கிறார்கள். செங்கல்லும் கரண்டியும் கீழே இருப்பவர் தலையில் விழாமல் தடுப்பது அது. விளிம்புப் பலகை என்றால் யாருக்கும் புரியும். இடுப்புயரத் தடுப்புக் குழாய் (கார்டு ரெயில்) ‘காவல் தண்டவாளம்’ ஆகிவிட்டது. சாரத்தில் ரயிலா ஓடுகிறது? ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்து, பொருள் என்ன வேலை செய்கிறது என்று பாராமல் பெயர்த்த விளைவு இது.

சோதனைக் குறிப்பையும் வேலையிடத் தமிழிலேயே எழுதலாம். ‘கால் குழாய் வெறும் மண்ணில் நிற்கக் கூடாது. அடியில் தகடு, தகட்டுக்கு அடியில் பலகை. மழை பெய்த மறுநாள் பலகைக்குக் கீழே மண் கரைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறவும். கிளாம்ப் போல்ட்டைக் கையால் திருகினால் போதாது, ஸ்பேனர் போட்டு முறுக்கவும்.’ பாதி கட்டிய சாரத்தில் தொங்கும் சிவப்பு அட்டையில் ‘இக்கட்டமைப்பு பயன்பாட்டிற்கு முழுமையுறாதது’ என்று இருக்கிறது. ‘சாரம் வேலை முடியவில்லை, ஏறாதீர்கள்’ என்று மாற்றி எழுதுங்கள்.