மலைநாட்டு வீட்டுக்குப் பழைய ஆர்கேட் பெட்டி: கேமை அப்புறம் எண்ணுங்கள்

"அண்ணே, 2000 கேம் இருக்காம். எடுக்கலாமா?"

காசு போட்டு நின்று ஆடும் கேம் பெட்டிதான் ஆர்கேட் பெட்டி. பழையதொன்றை வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். ஹட்டனில் டிவி, ரேடியோ, சவுண்ட் செட் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கொழும்புப் பக்கம் கழித்துவிட்ட கேம் பெட்டிகள் மலைக்கு ஏறத் தொடங்கிய பிறகு அவையும் என்னிடம் வருகின்றன. கேம்கள் பதிந்திருக்கும் சர்க்கிட் பலகையான கேம் போர்டு செத்துப்போய் வருபவை குறைவு. ஈரமும் கரண்டும் கெடுத்தவைதான் அதிகம். அதனால் நான் சொல்லும் பதில்: பின்கதவைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கேமை அப்புறம் எண்ணலாம்.

அந்த 2000 கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். பல கேம் போர்டுகளில் ஒரே கேம் ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, வேகம் கூட்டிய பதிப்பு என்று நாலைந்து தடவை வரும். எண்ணிக்கை ஏறுவது அப்படித்தான். திரை எப்படிப் பொருத்தியிருக்கிறது என்பதுதான் முக்கியம். 1980இல் வந்த பேக்மேன் நெட்டுக்கு நிற்கும் திரைக்காகச் செய்தது. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 படுக்கைத் திரைக்கானது. படுக்கைத் திரையில் பேக்மேனைப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு நடுவில் ஒடுங்கி நிற்கும். ஜாய்ஸ்டிக்கும் அப்படியே: பேக்மேனுக்கு நாலு திசை, சண்டை கேமுக்கு எட்டுத் திசை. வீட்டில் யார் எதை ஆடப்போகிறார்கள் என்று தெரிந்தால் 60 கேம் போர்டே தாராளம். இந்த போர்டுகளில் பெரும்பாலானவை கேம் கம்பனிகளின் அனுமதி இல்லாமல் செய்யப்பட்டவை என்பதும் தெரிந்திருக்கட்டும். காசு வாங்கிக்கொண்டு ஆடவிடும் யோசனை இருந்தால் இதை மறக்கவே கூடாது.

சரி, கரண்டுக்கு வருவோம்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. பெட்டியின் பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். உள்ளே பவர் சப்ளையில் 115, 230 என்று சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். அது 115இல் இருக்கும்போது நம் கரண்டைக் கொடுத்தால் சத்தத்தோடு போய்விடும். அதை 230க்குத் தள்ளினால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். மொனிட்டரும் மேலே எரியும் டியூப் லைட்டும் தனியாக 100 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் வயர். காசுக் கதவு, ஜாய்ஸ்டிக்கின் தண்டு, பல பெட்டிகளில் பொத்தான் பதித்த தகடு, எல்லாம் இரும்பு. இவை பச்சை மஞ்சள் வயரால் இணைக்கப்பட்டு பிளக்கின் எர்த் பின் வரை போக வேண்டும். பல கை மாறி வந்த பெட்டிகளில் யாரோ ஒருவர் இரண்டு பின் பிளக் மாட்டுவதற்காக இந்த வயரை வெட்டியிருப்பார். பார்க்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, தொடர்பு இருந்தால் சத்தம் போடும் நிலைக்கு மீட்டரைத் திருப்பி, எர்த் பின்னில் ஒரு முனையும் காசுக் கதவில் மறு முனையும் வைத்தால் மீட்டர் சத்தம் போட வேண்டும். போடாவிட்டால் விலை பேசும் முன் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பெட்டியில் எர்த் இருந்து வீட்டில் இல்லாவிட்டால் என்ன பயன்? லயன் வீடுகளிலும், லயத்துக்கு முன்னால் ஒரு அறை நீட்டிக் கட்டிய வீடுகளிலும் நான் அடிக்கடி பார்ப்பது பழைய லயன் அறையான காம்பிராவிலிருந்து இழுத்த இரண்டே வயர். சுவரில் மூன்று துளை பிளக் பொயின்ட் அழகாக இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. "ட்ரிப் சுவிட்ச் இருக்குதானே அண்ணே" என்பார்கள். 30 மில்லி அம்பியர் கரண்ட் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் நல்ல காவல்தான். ஆனால் எர்த் இருந்தால் இரும்பில் கரண்ட் கசிந்த உடனேயே அது விழும். எர்த் இல்லாவிட்டால், யாராவது தொட்டு, கரண்ட் அவர் உடம்பு வழியாக இறங்கிய பிறகுதான் விழும். சீமெந்துத் தரையில் ஈரக் காலோடு நின்று ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கும் பிள்ளைதான் அந்த "யாராவது". வயரிங் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு எர்த் போட்ட பிறகு பெட்டி வாங்குங்கள். ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அதை மாற்ற வேண்டும்.

வெளியே தெரியாத இன்னொரு ஆபத்து மொனிட்டரில் இருக்கிறது. பழைய ஆர்கேட் மொனிட்டர்கள் பலவற்றுக்கு மெயினிலிருந்து பிரித்துக் கொடுக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். அது இல்லாமல் நேரே கொடுத்தால் மொனிட்டர் போர்டின் கிரவுண்டே ஷொக் அடிக்கும். மொனிட்டர் பழுதானதும் வீட்டு டிவியின் போர்டைத் தூக்கி வைத்த பெட்டிகளும் வருகின்றன. பல டிவி போர்டுகளின் கிரவுண்ட் மெயினோடு தொடர்புள்ளது. டிவியின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. ஆர்கேட் பெட்டிக்குள் அதன் வீடியோ வயரைக் கேம் போர்டோடு சேர்த்ததும் மெயின் கரண்ட் கேம் போர்டின் கிரவுண்ட் முழுக்கப் பரவும். அது இரும்பைத் தொடும் இடத்தில் கைக்கே வந்துவிடும். வோல்ட்டேஜ் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஒரே சுற்றில் செய்தவை, வோல்ட்டைக் குறைக்கும், மெயினைப் பிரிக்காது. டிவி போர்டு வைத்த பெட்டியை யாராவது சும்மா கொடுத்தாலும் நான் வீட்டுக்கு எடுக்க மாட்டேன். பிக்சர் டியூப்பின் மேல் உள்ள ரப்பர் மூடிக்கு அடியில் 20,000 வோல்ட் அளவில் இருக்கும், நிறுத்திய பிறகும் சார்ஜ் உள்ளே தங்கும். தூசி தட்டுகிறேன் என்று பின்னால் கை விடாதீர்கள்.

இனி ஈரம். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பரிலிருந்து வடகீழ் மழை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆர்கேட் பெட்டிகள் பெரும்பாலும் மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. அடி ஒருமுறை தண்ணீர் குடித்தால் தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஊதி உதிரும், பிறகு ஆணி பிடிக்காது. பக்கத்து ஸ்டிக்கரின் பளபளப்பைப் பார்க்காமல், குனிந்து அடிப்பலகையின் விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். மேலே போர்டு மாற்றலாம், பொத்தான் மாற்றலாம். ஊறிய பெட்டியை மீட்கச் செலவழிக்கும் காசுக்கு வேறு பெட்டி தேடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, பெட்டி தரையைத் தொடாமல் கட்டையிலோ சில்லிலோ நிற்கட்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மிலாறு எரிக்கும் அடுப்படிக்குப் பக்கத்தில் வேண்டாம். புகைக்கரியும் ஈரமும் சேர்ந்தால் உயர் வோல்ட் பகுதியில் கரண்ட் ஓட வழி கிடைத்துவிடும். மூடுபனிக் காலையில் போட்டதும் பின்னாலிருந்து சடசட என்று சத்தம் வருவது அதனால்தான், உடனே நிறுத்துங்கள். ஆடாவிட்டாலும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், உள்ளே வரும் சூடே ஈரத்தை விரட்டும். அலுமாரிக்குப் போடுவது போல உள்ளே ஒரு குமிழ் எரியவிடலாமா என்று கேட்கிறார்கள். ஆளில்லாத நேரத்தில் மரத்தூள் பலகைக்குப் பக்கத்தில் சூடான குமிழ் எரிவது எனக்குப் பிடிக்கவில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், போதும். காசுத் துளையையும் வயர் வரும் ஓட்டையையும் கம்பி வலையால் அடைத்துவிடுங்கள். இந்தக் குளிரில் சூடான இடம் தேடும் எலிக்கும் கரப்பானுக்கும் அதைவிட வசதியான வீடு கிடைக்காது.

இடி மின்னல் மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரங்களில் அதிகம். அந்த மாதங்களில் ஆடி முடிந்ததும் பிளக்கையே கழற்றுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் காணாது.

ஏற்றி வரும் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழு அளவுப் பெட்டி 100 கிலோவைத் தாண்டக்கூடும். உங்கள் வீட்டு நிலையின் அகலத்தையும் பாதையில் உள்ள படிகளையும் அளந்துவிட்டு பட்டா லொறிக்குச் சொல்லுங்கள். நின்ற நிலையிலேயே கட்டி ஏற்றுங்கள், முகம் குப்புறப் படுக்க வைக்கவே வேண்டாம். அவிசாவளை, கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை வளைவுகளில் குலுங்கி வரும்போது உள்ளே கனெக்டர்கள் தளர்ந்திருக்கும். கொழும்பின் ஈரக்காற்றும் உள்ளேயே அடைபட்டு வந்து இங்கே குளிர்ந்து நீராகப் படியும். வந்த அன்றே போட்டுவிடாமல், ஒரு இரவு பின்கதவைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் அழுதாலும் பரவாயில்லை.

போர்டைப் பொறுத்தவரை, போர்டையும் பெட்டியையும் இணைக்க 1980களின் நடுவில் வந்த ஜாமா என்ற பொது முறைதான் பெரும்பாலும்: 56 பின் கனெக்டர், பக்கத்துக்கு 28. தலைகீழாகச் செருகினால் போர்டு போய்விடும். கேம் நடுவில் தானாக நின்று திரும்பத் தொடங்கினால் போர்டைத் திட்டுவதற்கு முன் அதன் மேல் 5 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். 4.8க்குக் கீழே இருந்தால் பல நேரம் குற்றவாளி பவர் சப்ளைதான். மெமரி கார்ட் உள்ள போர்டு என்றால் வாங்கிய வாரமே அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பொத்தானுக்கு அடியில் உள்ள மைக்ரோ சுவிட்ச் மலிவு, புறக்கோட்டையில் கிடைக்கும். ஃபியூஸ் எரிந்தால் அதே அம்பியரில் மாற்றுங்கள், வெள்ளித் தாள் சுற்றாதீர்கள். காசு கொடுப்பதற்கு முன் பெட்டி ஒரு மணி நேரம் ஓடட்டும். சூடேறினால் வரும் பழுதுகள் முதல் பத்து நிமிடத்தில் வராது.

பிக்சர் டியூப் செத்து எல்சிடி மாட்டியவர்கள் பழைய டியூப்பைத் தேயிலை மலைக் கானுக்குள் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, கான் தண்ணீர் கீழே நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத்தான் போகிறது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளர்களிடம் கொடுக்க வேண்டிய பொருள் அது. ஹட்டன் பக்கம் யாரிடமாவது கிடந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள், சேர்த்து அனுப்பிவிடுகிறேன். இன்னும் பெட்டிக்குள்ளேயே இருந்தால் நீங்கள் கழற்ற வேண்டாம், நான் வந்து சார்ஜ் இறக்கிக் கழற்றித் தருகிறேன்.