காலையில் வரும் முதல் புகை

பழைய காரின் சைலன்சரில் நீலப் புகையைக் கண்டதுமே "போர் போட வேண்டும்", அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சீராக்க வேண்டும், என்று சொல்லிவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் இருக்கிறது என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இருபது ஆண்டுகள் பேணி வைத்திருந்த தம் பெட்ரோல் காரைப் பற்றி ஒரு பட்டறையில் அப்படிச் சொல்லக் கேட்டு, வந்த விலைக்கு விற்றுவிடும் எண்ணத்தோடு என்னிடம் வந்தார். ஓட்டிக்கொண்டு வந்ததால் எஞ்சின் சூடாக இருந்தது. புகை துளியும் இல்லை. "நாளைக் காலை ஆறு மணிக்கு நானே வருகிறேன் சார், அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தபோது, ஆயில் கீழ்க்கோட்டுக்கும் சற்றுக் கீழே இருந்தது. அளவுக்கு ஊற்றிய பிறகு, சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு, அவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். கருகிய ஆயில் வாடையோடு நீலப் புகை குபுக்கென்று வந்து, இருபது விநாடிக்குள் தெளிந்துவிட்டது. துணியில் பழுப்புப் பொட்டுகள் படிந்திருந்தன. பத்து நிமிடம் ஐடிலில் விட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும், மீண்டும் ஒரு கொத்துப் புகை வந்து அடங்கியது.

இந்த நடத்தை பெரும்பாலும், ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலைத்தான் காட்டும். அந்தச் சிறு ரப்பர் வளையம், வண்டி அதிகம் ஓடாவிட்டாலும், ஆண்டுக்கணக்கான சூட்டில் இறுகிப் பிடிப்பை இழந்துவிடுகிறது. இரவெல்லாம் வண்டி நிற்கும்போது சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டின் மேற்பகுதியில் தங்கிய ஆயில் வால்வுத் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, காலையில் முதல் ஸ்டார்ட்டில் எரிந்து புகையாகிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் புகை அத்தோடு நிற்காது. பாரம் ஏற ஏற அதுவும் கூடும். ஆகவே மாஞ்சோலை சென்று வந்தவர்களிடம், மலை ஏறும்போது புகை வந்ததா, அல்லது மணிமுத்தாறுக்கு இறங்கி முடித்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது வந்ததா என்று தவறாமல் கேட்பேன். கியரில் கட்டுப்படுத்தி இறங்கும்போது எஞ்சினுக்குள் உண்டாகும் வெற்றிடம், தளர்ந்த சீல் வழியாக ஆயிலை உள்ளே இழுத்துவிடும் என்பதே காரணம்.

இருந்தாலும் கண்ணை மட்டும் நம்பி எஞ்சினைப் பிரிக்கக் கூடாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு, பார்த்து, பின்பு ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். ஆயில் இடைவெளியை அடைத்து, இரண்டாம் முறை அளவு நன்றாக ஏறினால் குற்றம் ரிங்கில் அல்லது சிலிண்டர் உட்சுவரான போரில். ஆசிரியரின் வண்டியில் நான்கு சிலிண்டரும் ஒத்திருந்தன, ஆயில் விட்டும் பெரிய மாற்றமில்லை. பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வு விழாமல் நிறுத்தி, ஹெட்டை இறக்காமலே சீல்களை மாற்றினேன். வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடில் ஆட்டம் இருந்திருந்தால் ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும். புதுச் சீல் மட்டும் நெடுநாள் தாங்காது.

கறுப்புப் புகைக்கு ஏர் ஃபில்டரிலிருந்து தேடத் தொடங்கலாம். டீசல் வண்டியில் காலையில் கண் எரியும் வெண்புகை வந்தால் ஹீட்டர் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் வண்டியின் வெண்புகையில்தான் கூடுதல் கவனம் தேவை. மார்கழிக் காலையில் சைலன்சரில் நீர் சொட்டி, சற்று நேரத்தில் மறையும் ஆவி இயல்பானது. எஞ்சின் சூடான பின்னும் புகை தொடர்ந்து, வெளியே ஒழுக்கு எதுவும் இல்லாமல் ரேடியேட்டர் நீரும் குறைந்தால், ஹெட்டுக்கு அடியில் நீர் சிலிண்டருக்குள் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கூலன்ட் எரிந்தால் இனிப்பு வாடை வரும் என்பது உண்மைதான். ஆனால் நம் பக்கத்தில் பலரும் கூலன்டுக்குப் பதில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றுவதால், வாடை இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். அப்படிப்பட்ட வண்டியில் ஒருநாள் காலை செல்ஃப் சுற்றாமல் முட்டி நின்றால், திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள், தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.