உயில் எழுதும்போது யாரும் கேட்காத கேள்வி: சாட்சி யார்?

உயில் என்றதும் வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. முத்திரைத்தாளில்தான் எழுத வேண்டுமா? பதிவு செய்யாவிட்டால் செல்லாதா? இரண்டுமே கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில், தெரிந்த மொழியில், கைப்பட எழுதியதும் உயில்தான். நீதிமன்றத்தில் உயில்கள் தோற்பது பெரும்பாலும் சாட்சிகளால். அதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, 63ஆவது பிரிவு கேட்பது இவ்வளவுதான். எழுதுபவர் கையெழுத்திட வேண்டும் அல்லது கைரேகை வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதை நேரில் பார்த்திருக்க வேண்டும். அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சாட்சியும் அவர் கண்ணெதிரே கையெழுத்திட வேண்டும். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்றில்லை. ஆனாலும் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து முடித்துவிடுவதே நல்லது. அப்பா கையெழுத்திட்ட தாளை மகன் எடுத்துப் போய், அடுத்த தெரு மாமாவிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வருவது பல வீடுகளில் நடக்கிறது. அப்பா எதிரில் இல்லாமல் போட்ட அந்தக் கையெழுத்து சாட்சிக் கையெழுத்தே ஆகாது. முறையான சாட்சி ஒருவர்தான் மிஞ்சுகிறார் என்றால் உயிலும் விழுந்துவிடும்.

எழுதியவர் இறந்த பிறகு, சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவர் நீதிமன்றத்துக்கு வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 68ஆவது பிரிவு இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023இல் 67ஆவது பிரிவு, விதி மாறவில்லை. "பத்திர எழுத்தர் போடச் சொன்னார், போட்டேன்" என்று சாட்சி கூண்டில் சொன்னால் வழக்கு அங்கேயே ஆட்டம் காணும். ஆகவே உங்களைவிட வயதில் இளையவரை, உங்களை நன்றாக அறிந்தவரை, சொத்தில் எந்தப் பங்கும் இல்லாதவரைத் தேர்ந்தெடுங்கள். மரியாதைக்காக எண்பது வயதுப் பெரியவர்கள் இருவரைச் சாட்சியாக்கினால், உயில் திறக்கப்படும் நாளில் இருவருமே இல்லாமல் போகலாம். அப்போது எழுதியவரின் கையெழுத்தையும் ஒரு சாட்சியின் கையெழுத்தையும் வேறு ஆட்களைக் கொண்டு நிரூபிக்கலாம். அது கடினமான பாதை.

சொத்து பெறுபவரே சாட்சியாகலாமா? கிறிஸ்தவர்களின் உயிலில் சாட்சிக்கோ அவரது கணவன் அல்லது மனைவிக்கோ எழுதிய கொடை வாரிசுரிமைச் சட்டத்தின் 67ஆவது பிரிவின்படி செல்லாது. இந்து உயில்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும் சந்தேகம் வந்தே தீரும். சந்தேகச் சூழ்நிலைகளை விலக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டு வருபவருடையது என்று 1958இலேயே வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பலன் பெறுபவரே முன்னின்று உயிலைத் தயாரிப்பது, மனைவியையோ ஒரு பிள்ளையையோ காரணம் சொல்லாமல் ஒதுக்குவது, நடுங்கும் கையெழுத்து, இவையெல்லாம் அந்தச் சூழ்நிலைகள். ஒருவரை ஒதுக்குவதானால் ஏன் என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள்: "இளைய மகனுக்கு ஏற்கெனவே வீடு வாங்கிக் கொடுத்துவிட்டேன்." நோயாளி என்றால் அதே நாளில் மருத்துவச் சான்று பெறுங்கள், மருத்துவரே ஒரு சாட்சியாக இருந்தால் இன்னும் நல்லது. கைரேகை வைப்பவருக்கு உயில் படித்துக் காட்டப்பட்டதாக உயிலிலேயே குறிப்பு வேண்டும். கையெழுத்திட்ட பிறகு அடித்துத் திருத்தியதற்கும் அதே முறையில் கையெழுத்தும் சாட்சியும் இல்லையென்றால் திருத்தம் செல்லாது. பெரிய மாற்றமென்றால் புதிதாகவே எழுதிவிடுங்கள்.

பதிவு செய்வதை நாங்கள் பரிந்துரைக்கவே செய்கிறோம். அசல் தொலைந்தால் சான்றிட்ட நகல் கிடைக்கும்; நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கோ உங்கள் முகவருக்கோ மட்டுமே நகல் தருவார்கள். ஆனால் பதிவு செய்ததாலேயே குறையுள்ள உயில் சரியாகிவிடாது. பதிவு செய்த உயிலைப் பின்னால் எழுதிய பதிவில்லாத உயில் ரத்து செய்துவிட முடியும்.

உயிலே இல்லையென்றால்? இந்து ஆண் இறந்தால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், மனைவி, தாய் எல்லோருக்கும் சமபங்கு. கணவரின் வீடு முழுவதும் தனக்கே என்று நினைக்கும் மனைவி, மாமியாரும் பங்குதாரர் என்பதைத் தாமதமாகத்தான் அறிகிறார். பெண்களின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. பிள்ளையில்லாத, கணவரை இழந்த பெண் தன் சம்பளத்தில் வாங்கிய வீடு, அதே சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவரைப் பெற்று வளர்த்த தாய் தந்தைக்கு அதன் பிறகுதான். இதை மாற்ற அவர் கையில் இருக்கும் வழி உயில் ஒன்றே. சம்பாதிக்கும் ஒவ்வொரு பெண்ணும் இன்றே எழுத வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே உயிலாக எழுத முடியும். மகளுக்கும் அதில் பிறப்பால் பங்கு உண்டு. மகளுக்கு அந்த உரிமையைத் தந்த சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்த 9-9-2005 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இஸ்லாமியர்களுக்கு வேறு சட்டம்: வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க இயலாது.

வங்கியில் நாமினி போட்டிருப்பதால் உயில் வேண்டாம் என்பவர்கள் உண்டு. வங்கி நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமையாளர் அல்லர். பங்குகளுக்கும் இதுவே என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாமினியும் உயிலும் ஒரே பெயரைச் சொல்லட்டும்.

உயிலுக்குப் பதில் செட்டில்மெண்ட் எழுதச் சொல்லிப் பிள்ளைகள் வற்புறுத்தும்போது நிதானியுங்கள். உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மெண்ட் எழுதிய அன்றே உரிமை கைமாறிவிடும். மனம் மாறினால் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. எழுதியே ஆக வேண்டுமென்றால் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையையும், பராமரிக்கும் நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேருங்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, 23ஆவது பிரிவின் கீழ் ரத்து கோர அந்த வரிதான் வலுவான பிடிமானம்.

உயிலில் சர்வே எண், பரப்பு, நான்கெல்லை, மூலப்பத்திர எண் எல்லாம் இருக்கட்டும். பெறுபவர் உங்களுக்கு முன்பே இறந்தால் யாருக்கு என்பதையும், இதில் குறிப்பிடாத சொத்துகளும் இனி வாங்குபவையும் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். அசலை உங்கள் தனிப்பெயரில் உள்ள லாக்கரில் பூட்டாதீர்கள். அதைத் திறக்கவே குடும்பம் அலைய நேரும். நம்பிக்கையானவரிடம் கொடுக்கலாம், அல்லது முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். எங்கே இருக்கிறது என்பது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.